தரவும் தன்னாட்சியும்

முன்னுரை

ஒரு நாட்டின் எல்லையை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டிவிடலாம். மலையும் ஆறும் கடலும் அக்கோட்டுக்குத் துணை நிற்கும். ஆனால், அந்நாட்டு மக்களின் பிறப்புப் பதிவும் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் கடிதப் போக்குவரத்தும் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்று வினவினால் விடை எளிதில் கிடைப்பதில்லை. நம் ஊர்த் தெருவில் நின்று நாம் அனுப்பும் ஒரு செய்தி, அடுத்த தெருவிலுள்ள நண்பரைச் சென்றடையும் முன் எத்தனை நாடுகளின் சட்டத்திற்கு உட்பட்டுவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் குவிந்த பண்டப் பொதிகளின்மீது சோழனின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுவது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்ததே. அவ்விலச்சினை வெறும் அழகுக்கு இடப்பட்டதன்று. பண்டம் கணக்கில் வந்தது என்பதையும், அது யாருடைய ஆட்சிக்குட்பட்டு நகர்கிறது என்பதையும், இழப்பு நேரின் எவரிடம் முறையிடலாம் என்பதையும் அது ஒருங்கே உணர்த்தியது எனலாம். இன்று கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே அல்லும் பகலும் சரக்கு நகர்கிறது. அச்சரக்கின் பெயர் தரவு. அதன்மீது எவருடைய இலச்சினை உள்ளது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா.

இறையாண்மை என்பது யாது?

மின்னணுத் துறையில் இறையாண்மை என்றவுடன் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது என்று பலரும் பொருள் கொள்கின்றனர். இது பொருந்தாது. உலகில் எந்த நாடும் தனக்கு வேண்டிய கணிப்பொறிக் கருவிகள் அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் புற ஊதா ஒளிப் பொறியை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்னும் ஒரே நிறுவனம்தான் உலகிற்கு விற்பனை செய்து வருகிறது. அச்சில்லுகளை வடிவமைக்கும் அமெரிக்காவும், அவற்றை உருவாக்கித் தரும் தைவானும் அந்நிறுவனத்தைச் சார்ந்தே நிற்கின்றன.

ஆகவே, சார்பு உண்டா இல்லையா என்று பார்ப்பதைவிட அச்சார்பு எத்தகையது என்று ஆராய்வதே முறை. இதற்கு மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம். ஒன்று, நமக்கு இன்றியமையாத ஒரு சேவையை வெளியார் ஒருவர் தம் விருப்பப்படி நிறுத்திவிட இயலுமா? இரண்டு, தவறு நேர்ந்தால் நம் நாட்டு நீதிமன்றத்தில் அவரை நிறுத்த இயலுமா? மூன்று, அவரை விட்டு நீங்கி வேறொருவரிடம் செல்ல நமக்கு வழி உண்டா? இம்மூன்று வினாக்களையும் கம்பி, கருவி, பணம், தரவு, எழுத்து என்னும் ஐந்து அடுக்குகளில் பொருத்திக் காண்போம்.

கம்பி

இணையம் வானத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கடலடியில் கிடக்கிறது. கண்டங்களுக்கு இடையே செல்லும் தரவில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பங்கைக் கடலடிக் கம்பிகளே சுமக்கின்றன. இந்தியாவில் அக்கம்பிகள் கரையேறும் இடங்களுள் மும்பைக்கு அடுத்துக் குறிப்பிடத்தக்கது நம் சென்னை. 2002ஆம் ஆண்டில் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி பயன்பாட்டிற்கு வந்தது. அதன் பின்னர் வேறு பல கம்பிகளும் இக்கரையை அடைந்துள்ளன.

இவ்வழிகளின் மெலிவை இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இந்தியாவில் இணையம் தளர்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கம்பிகள் அறுந்தபோதும் இந்தியா, பாகிஸ்தான், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் அதே நிலை ஏற்பட்டது. ஒரே குறுகிய நீர்வழியில் பல கம்பிகள் அருகருகே செல்வதே இதற்குக் காரணம்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் வழியாகப் பிற தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கம்பி செயல்படத் தொடங்கியது. நாட்டின் இரு பகுதிகளை நாட்டுக்குரிய கம்பியே இணைத்தது. மாற்றுவழி உள்ள நாடு ஒரு கம்பி அறுந்தால் தளரும், ஆனால் வீழாது. மூன்றாம் வினாவின் முதன்மை இங்குப் புலனாகிறது.

கருவி

கருவியைப் பொறுத்தவரை நம் நாட்டின் வரலாறு இரு பெரும் படிப்பினைகளைத் தருகிறது. 1973ஆம் ஆண்டு அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இங்குத் தொழில் நடத்தும் அயல்நாட்டு நிறுவனங்கள் தம் உரிமைப் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐ.பி.எம். நிறுவனம் அதற்கு இணங்காமல் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற கணிப்பொறிகளைப் பழுதுபார்த்து இயக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. பிறர் செய்த பொறியைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டதால், நம் பொறியாளர் அதன் உள்ளமைப்பையும் அறிந்தனர். ஆனால், உலகச் சந்தையின் புதிய கருவிகள் நம்மை வந்தடைவதில் காலத்தாழ்வும் ஏற்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே நடுநிலை.

இரண்டாவது படிப்பினை மீத்திறன் கணிப்பொறி பற்றியது. பருவமழையை முன்னறிவிப்பதற்காக 1980களில் இந்தியா அமெரிக்காவிடம் உயர்திறன் கிரே கணிப்பொறியை வேண்டியது. நெடிய பேச்சுக்குப் பின், கேட்டதினும் திறன் குறைந்த பொறியே கட்டுப்பாடுகளுடன் தரப்பட்டது. 1988இல் புனேயில் சி-டாக் என்னும் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அறிஞர் விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணிப்பொறி உருவாயிற்று. மறுக்கப்பட்ட பொருள் நம் கையால் பிறந்தது என்று பெருமை கொள்ளலாம். ஆயினும் அதன் உள்ளே இயங்கிய செயலிச் சில்லுகள் வெளிநாட்டில் செய்யப்பட்டவை என்பதை மறத்தலாகாது. பல சிறு செயலிகளை ஒருங்கிணைத்து வேலை வாங்கும் அறிவே நம்முடையது.

சில்லு உருவாக்கத்தில் நாம் பின்தங்கியதற்கு ஒரு விபத்தும் காரணம். பஞ்சாபின் மொகாலியிலிருந்த அரசுச் சில்லுத் தொழிற்கூடம் 1989இல் தீக்கிரையானது. அதிலிருந்து மீள நெடுங்காலம் ஆயிற்று. சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் சக்தி என்னும் செயலியை வடிவமைத்தபோது, 2018இல் அதன் முதற்சில்லுகள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இன்டெல் ஆலையில் செய்யப்பட்டன. பின்னர் அதே வடிவம் மொகாலியிலும் செய்து காட்டப்பட்டது. சக்திக்கு அடிப்படையாக அமைந்த கட்டளைத் தொகுதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க திறந்த நியமம் ஆகும். வடிவம் நம்மிடம் இருந்தமையால், செய்யும் ஆலையை மாற்றிக்கொள்ள நம்மால் இயன்றது.

விண்ணிலும் இதே பாடம் உள்ளது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பில் பொதுமக்களுக்குக் கிடைத்த இடக்குறிப்பின் துல்லியத்தை 2000 மே மாதம் வரை அந்நாட்டு அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. நம் நாடு தனக்கென ஏழு செயற்கைக்கோள்கள் கொண்ட அமைப்பை 2013 முதல் 2016 வரை ஏவி நிறுவியது. நாவிக் என்பது அதன் பெயர். ஆனால் முதற்கோளிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாயின. அவை ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவை. கடிகாரம் நின்றால் இடக்குறிப்புக் கோள் வானில் சுற்றும் வெற்றுப் பெட்டகமே. இந்தியாவில் செய்யப்பட்ட அணுக் கடிகாரத்துடன் 2023 மே 29ஆம் நாள் புதிய தலைமுறைக் கோள் ஏவப்பட்டது. அடுத்த கோள் 2025 ஜனவரியில் ஏவப்பட்டும் ஓர் அடைப்பிதழ் திறவாமையால் உரிய பாதையை எட்டவில்லை. தன்னாட்சி ஒருநாள் விழாவில் முடிவதன்று. தொடர்ந்து பழுதுபார்க்கும் உழைப்பு அதற்கு வேண்டும்.

பணம்

2022 மார்ச்சில், உக்ரைன் போரின் விளைவாக விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் தம் பணியை நிறுத்தின. ரஷ்யர்கள் வெளிநாட்டில் தம் அட்டைகளைப் பயன்படுத்த இயலவில்லை. ஆனால் உள்நாட்டுக் கடைகளில் அவ்வட்டைகள் இயங்கின. 2014இல் கிரிமியா விவகாரத்தில் தடைகளைக் கண்ட அந்நாடு, உள்நாட்டுப் பரிமாற்றங்களைக் கணக்கிடும் அமைப்பைத் தன்னகத்தே அமைத்துக்கொண்டிருந்தமையே இதற்குக் காரணம். அப்போரின் நியாயம் அநியாயம் வேறு செய்தி. ஒரு நாட்டின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் வெளியார் ஒருவரின் முடிவால் முடங்கலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

இந்தியாவில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2008இல் நிறுவப்பட்டது. ரூபே அட்டை 2012இலும், யு.பி.ஐ. முறை 2016இலும் வந்தன. தேநீர்க் கடை முதல் மீன் சந்தை வரை சதுரக் கட்டப் படத்தைக் காட்டிப் பணம் பெறுவதை இன்று காண்கிறோம். இக்கணக்கு ஓடும் தடம் இந்திய அமைப்பின் கையில் உள்ளது. மேலும், கொடுப்பனவுத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதற்கு இணங்கவில்லை என்னும் காரணத்தால் 2021 ஜூலை முதல் மாஸ்டர்கார்டு நிறுவனம் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. அது விதிக்கு உடன்பட்ட பின் 2022 ஜூனில் தடை நீங்கியது. நம் சட்டம் அயல்நாட்டுப் பெருநிறுவனத்தை எட்டியதற்கு இது சான்று.

எனினும் முழு மனநிறைவு கொள்வதற்கில்லை. தடம் நம்முடையதாயினும் அதில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் பிறருடையவை. யு.பி.ஐ. பரிமாற்றங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், 2024ஆம் ஆண்டு நிலவரப்படி, போன்பே, கூகுள் பே என்னும் இரு செயலிகளின் வழியே நடைபெற்றது. முன்னதில் அமெரிக்க வால்மார்ட் நிறுவனத்திற்குப் பெரும்பங்கு உண்டு, பின்னது கூகுளுடையது. எச்செயலிக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கூடாது என்னும் விதி 2020இல் அறிவிக்கப்பட்டது; அதனை நிறைவேற்றும் காலக்கெடுவோ 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. முதலிரு வினாக்களுக்கு ஓரளவு நல்விடை கிடைத்துள்ளது. மூன்றாம் வினா இன்னும் நிலுவையில் உள்ளது.

தரவு: இடமும் ஆட்சியும்

தரவை நாட்டுக்குள் வைத்துவிட்டால் அது நம் ஆட்சிக்குள் வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தை நாம் சற்று ஆழ்ந்து ஆராய வேண்டும்.

2013இல் அமெரிக்க அரசு, அயர்லாந்திலுள்ள தரவு மையத்தில் இருந்த ஒருவரின் மின்னஞ்சல்களைக் கேட்டபோது மைக்ரோசாப்ட் நிறுவனம் மறுத்து வழக்காடியது. வழக்கு உச்சநீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றியது. அமெரிக்க நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் தரவு எந்நாட்டில் இருப்பினும், சட்டப்படியான ஆணை வந்தால் அதனைத் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. தரவு கிடக்கும் மண் எதுவாயினும், அதைக் காப்பவரின் தாயகச் சட்டமும் அதனைத் தொடரும் என்பது இதனால் பெறப்படும்.

2025 ஜூலையில் நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி ஓர் இந்திய நிறுவனம். அதில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் நிறுவனத்திற்குப் பங்குண்டு. அதன்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. தொடர்ந்து அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. தன் தரவையே தான் காண இயலாத நிலையில் நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை திரும்பியது. இந்தியச் சட்டம் அந்நிறுவனத்தின்மீது எத்தடையும் விதிக்கவில்லை, கட்டணமும் செலுத்தப்பட்டிருந்தது. ஆயினும் தொலைவிலிருந்து ஒரு கதவு சாத்தப்பட்டது. நாம் முன்வைத்த முதல் வினாவிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். எஸ்டோனியா பால்டிக் கடலோரத்தில் உள்ள சிறு நாடு. 2007இல் அது பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தன் மண்ணே பறிபோனாலும் அரசின் பதிவேடுகள் பிழைக்க வேண்டும் எனக் கருதிய அந்நாடு, 2017இல் லக்சம்பர்க் நாட்டோடு உடன்படிக்கை செய்து, அங்குத் தன் முதன்மையான பதிவேடுகளின் படிகளைச் சேமித்தது. தூதரகக் கட்டடத்திற்கு உள்ள காப்புரிமை போன்ற உரிமை அத்தரவு மையத்திற்கு அளிக்கப்பட்டது. உக்ரைனும் 2022 பிப்ரவரியில், போர் மூளுவதற்குச் சில நாட்களுக்கு முன், அரசுத் தரவுகளை வெளிநாட்டில் வைக்க இடமளித்துச் சட்டத்தைத் திருத்தியது. நாட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் கொண்டிருந்தால், ஏவுகணைகள் அப்பதிவேடுகளை அழித்திருக்கக்கூடும்.

ஆகவே இடம் வேறு, ஆட்சி வேறு. நம் மண்ணிலிருந்தும் நம் ஆட்சிக்கு உட்படாத தரவு உண்டு. பிறர் மண்ணிலிருந்தும் நம் ஆட்சிக்கு உட்பட்ட தரவு உண்டு. திறவுகோல் எவர் கையில் உள்ளது, உடன்படிக்கை யாது, மாற்றுப்படி எங்குள்ளது என்பனவே தீர்மானிக்கும் கூறுகள்.

எழுத்து

தமிழ்த்துறையினராகிய நமக்கு மிக நெருங்கிய அடுக்கு எழுத்தே. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பதே குறியேற்றம். அவ்வகுப்பை எவர் செய்கின்றனர் என்பது இறையாண்மைக்குரிய வினாவே.

நம் இலக்கண மரபில் உயிர் 12, மெய் 18 ஆக முப்பதும் முதலெழுத்துகள். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. ஆனால் இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே சட்டகமாக 1988இல் வகுக்கப்பட்ட இந்திய நியமம், தேவநாகரியின் அமைப்பைத் தழுவி, அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டது. கலிபோர்னியாவில் 1991இல் பதிவு பெற்ற யூனிகோடு கூட்டமைப்பு அச்சட்டகத்தையே ஏற்றது. தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கியது. விளைவு யாது? ககரத்தோடு புள்ளிக்குரிய எண் சேர்ந்தால்தான் க் என்னும் மெய் பிறக்கும். தமிழ் என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ ஐந்து எண்கள். நம் இலக்கணத்தில் மெய் முதலெழுத்து. பொறியில் அது வருவிக்கப்பட்ட எழுத்து.

தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் வாளாவிருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய வேளையில், யூனிகோடும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 முறையும் அரசின் நியமங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் உலகெங்கும் கைப்பேசிகளும் மென்பொருள்களும் யூனிகோடையே பின்பற்றியமையால், அதுவே நடைமுறையில் நிலைபெற்றது. உள்ளூர் ஆணை எத்துணைச் செம்மையாக இருப்பினும், உலக நியமத்தை வகுக்கும் அவையில் காலத்தே அமராதவர் பின்னர் அதனை மாற்றுதல் அரிது என்பது இதனால் அறியலாகும்.

ஆயினும் அவையில் குரல் எழுப்பினால் பயன் உண்டு என்பதற்கும் சான்றுண்டு. 2010இல் கிரந்த எழுத்துகளுக்கு இடம் கோரிய முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் தமிழக அரசு மறுப்புத் தெரிவித்தது. அறிஞர் பலர் சான்றுகளோடு வாதிட்டனர். 2014இல் கிரந்தம் யூனிகோடில் இடம்பெற்றபோது அவ்வைந்து எழுத்துகளும் அதில் இல்லை. மேலும், முந்திரி முதலான தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் தனித்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஓலையிலும் கல்வெட்டிலும் பழைய கணக்கு நூல்களிலும் இருந்த சான்றுகளை எடுத்துக்காட்டும் புலமையே அவற்றுக்கு வழி திறந்தது. இது தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி.

நாட்டின் ஆட்சியும் குடிமகனின் உரிமையும்

இதுவரை வெளியாரை நோக்கியே வினவினோம். இனி உள்நோக்கியும் வினவ வேண்டும். அயலாரின் கையிலிருந்த திறவுகோல் நம் அரசின் கைக்கு வந்துவிட்டால் குடிமகனுக்குப் பாதுகாப்புக் கிட்டிவிடுமா?

2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரில் தொலைத்தொடர்பும் இணையமும் நிறுத்தப்பட்டன. 2020 ஜனவரி 10ஆம் நாள் உச்சநீதிமன்றம், காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துதல் சட்டத்திற்கு ஏற்புடையதன்று எனவும், நிறுத்தும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் எனவும் தீர்ப்பளித்தது. எனினும் விரைவு இணையம் அங்கு முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் மாணவர் பாடமும் வணிகர் தொழிலும் மருத்துவர் பணியும் தடைப்பட்டன. அங்குக் கதவைச் சாத்தியது அயல்நாட்டு நிறுவனம் அன்று.

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின; அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. விதி மீறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் கூறி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் இடந்தருகிறது. தனியாருக்குக் கடிவாளமும் அரசுக்கு விலக்கும் ஒரே சட்டத்தில் உள்ளன.

எனவே நாம் முன்வைத்த மூன்று வினாக்களோடு நான்காவதொன்றைச் சேர்ப்பது இன்றியமையாதது: என்னைப் பற்றி என் அரசு வைத்துள்ள தரவை நான் அறியவும், பிழையிருப்பின் திருத்தவும், தவறாகப் பயன்படுத்தினால் முறையிடவும் இயலுமா? இவ்வினாவுக்கு விடையில்லாத இடத்தில் மின்னணு இறையாண்மை என்பது காவலாளியை மாற்றிய சிறையாகவே முடியும். குடிமகனுக்கு உரிமை நல்காத ஆட்சி, அயலாரிடமிருந்து மீட்கப்பட்டதாயினும் தன்னாட்சி ஆகாது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

நம் கடமை

இவையெல்லாம் அரசும் பெருநிறுவனங்களும் பார்த்துக்கொள்ள வேண்டியவை, நமக்கென்ன என்று கருதலாகாது. கல்லூரி அலுவலகம், ஊர் நூலகம், ஜமாஅத் நிர்வாகம், சங்கம், அறக்கட்டளை ஆகிய ஒவ்வொன்றும் இன்று தரவைக் காக்கும் இடமே. தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்தில் எழுதப்பட்ட திருமணப் பதிவேடுகளும் உறுப்பினர் பட்டியல்களும் கல்வி உதவி பெற்றோர் விவரங்களும் இப்போது கைப்பேசிச் செயலிகளுக்குள் புகுந்து வருகின்றன. இரும்புப் பெட்டிக்குள் இருந்த பதிவேட்டின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதை ஊர் அறிந்திருந்தது. புதிய பதிவேட்டின் திறவுகோல் எவரிடம் உள்ளது?

பெரியோர்கள் ஒரு செயலியை ஏற்குமுன் நான்கு வினாக்களையும் கேட்டல் நலம். இச்சேவை திடீரென நின்றால் நம் பதிவு நம்மிடம் இருக்குமா? தவறு நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது? நம் பதிவுகளைப் பொதுவான வடிவில் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல முடியுமா? பதிவில் பெயருள்ள ஏழை ஒருவர் தம்மைப் பற்றிய குறிப்பைப் பார்க்கவும் திருத்தவும் வழியுண்டா? இவற்றோடு, தேவையற்ற விவரத்தைக் கேட்டுப் பெறாதிருத்தலும் வேண்டும். பெறாத தரவு களவு போவதில்லை.

ஆசிரியர்களுக்கும் பணி உண்டு. இன்று பொறிகள் தமிழில் பேசவும் எழுதவும் கற்கின்றன. அவை கிடைத்த தமிழையே கற்கின்றன. நம் வட்டார வழக்குகளும் தொழிற்சொற்களும் கல்வெட்டுகளும் சிற்றிதழ்களும் திறந்த முறையில் சேமிக்கப்படாவிடின், அப்பொறிகள் பேசும் தமிழில் நம் ஊர்த் தமிழ் இராது. மாணவர்களோ மென்பொருளைப் பயன்படுத்தக் கற்பதோடு நில்லாமல், அது இயங்கும் முறையையும் கற்க வேண்டும். 1978இல் பழுதுபார்க்கக் கற்றவரே பின்னர் உருவாக்கவும் துணிந்தனர்.

முடிவுரை

கம்பியில் மாற்றுவழி வேண்டும். கருவியில் வடிவமைக்கும் அறிவு வேண்டும். பணத்தில் தடமும் வண்டியும் ஒருவர் கையில் குவியாமை வேண்டும். தரவில் இடத்தைவிட ஆட்சியே முதன்மை என்னும் தெளிவு வேண்டும். எழுத்தில் நியமம் வகுக்கும் அவையில் நமக்கு இருக்கை வேண்டும். இவ்வைந்திற்கும் மேலாகக் குடிமகன் தன் அரசை வினவும் உரிமை வேண்டும்.

துறைமுகத்துப் பொதிமீது புலி இலச்சினை பொறித்தவன் மன்னன். மக்களாட்சியில் அவ்விலச்சினை மக்களுக்கே உரியது. அதனைப் பிடித்திருக்கும் கையை மக்கள் அறிந்திருக்கவும், வேண்டும்போது அக்கையை வினவவும் இயல வேண்டும். அவ்வறிவைப் பரப்புவதில் கல்லூரிகளுக்கு, அவற்றுள்ளும் மொழித்துறைகளுக்கு, பெரும்பங்கு உண்டு எனக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.